நேராத மரணங்கள்

ஒரு வீட்டில் குழந்தை ஜுரத்தில் கிடக்கிறது. நடுநிசியில் டாக்டர் வருகிறார். விடியும்வரை பக்கத்திலேயே இருந்து ஊசி போட்டு, மருந்து கொடுத்து அதைப் பிழைக்க வைக்கிறார். அந்த வீட்டார் அவரை ஆயுள் உள்ளவரை மறப்பதில்லை. குழந்தை வளர்ந்து பெரியவளாகிக் கல்யாணம் நிச்சயமானால், குலதெய்வத்துக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் பத்திரிகை வைக்கிறார்கள்.

வேறோர் ஊர். அங்கே ஒரு குழந்தைக்கு அந்த ஜுரம் வரவே இல்லை. குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கசிவதை ஒரு சுகாதார அதிகாரி முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார். குழாயை அடைத்தார், தெருவைத் தோண்டினார். மூன்று நாள் தண்ணீர் வராமல் ஊரார் அவரை வாய்க்கு வந்தபடி வைதார்கள். 'இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா?' என்று மேலிடத்துக்கு மனுவும் போயிற்று. அவர் மாற்றலாகிப் போனபோது வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. அந்தக் குழந்தையும் வளர்கிறது. அதற்கும் கல்யாணம் நடக்கிறது. பத்திரிகை வைக்க வேண்டிய ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

இரண்டு பேரும் வைத்தியம் படித்தவர்கள்தாம். இரண்டு பேரும் காப்பாற்றியது உயிரைத்தான். ஒருவருக்கு நன்றி கிடைக்கிறது. மற்றவருக்குப் புகார் மனு கிடைக்கிறது. நேர்ந்த நோய்க்கு ஒரு முகம் உண்டு. நேராத நோய்க்கு முகம் இல்லை. நம் மனமோ முகத்தைக் கண்டால்தான் இளகுகிறது.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். சாகக் கிடந்தவன் பிழைத்தான் என்றால் அதில் கதை இருக்கிறது. ஐயாயிரம் பேர் வழக்கம்போல் காலையில் எழுந்து காப்பி குடித்தார்கள் என்றால் அதில் என்ன கதை இருக்கிறது? எந்தப் பத்திரிகை ஆசிரியர் அதைப் பிரசுரிப்பார்? ஆயினும் அந்த ஐயாயிரம் பேரும் காலையில் எழுந்திருப்பதற்காக எவரோ ஒருவர் இரவெல்லாம் விழித்திருக்கக் கூடும் என்பதை எண்ணும்போது, நம் நன்றி உணர்ச்சியில் ஏதோ குறை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நன்றி கிடைக்காதது கூடப் பெரிதல்ல. கைம்மாறு எதிர்பாராமல் உழைத்தவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. பொதுச் சுகாதாரத் துறையில் இறங்கிய வைத்தியர், முகம் தெரியாதவர்களைக் காப்பதற்காக, முகம் தெரிந்தவர்களைப் புண்படுத்த வேண்டி வருகிறது. திடமாக இருக்கும் மனிதனையும் வீட்டுக்குள் அடைக்கிறார். தாயையும் பிள்ளையையும் பிரிக்கிறார். செத்தவர் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கவும் விடுவதில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது இதையெல்லாம் நாமே அனுபவித்தோம். இப்படிச் செய்யும் உரிமை அவருக்கு எங்கிருந்து வருகிறது? படித்த படிப்பிலிருந்தா? சர்க்கார் கையெழுத்திலிருந்தா? அல்லது நல்ல பலன் கிடைத்துவிட்டால் எல்லாம் சரிதானா?

இதை வெறும் தர்க்கமாகப் பேசிக்கொண்டிருந்தால் வார்த்தைகள் மிஞ்சுமே ஒழிய வழி தெரியாது. ஒரு மனிதரின் வாழ்க்கையை எதிரே வைத்துக்கொண்டு யோசிக்கலாம்.

வூ லியென் தே என்று ஒரு டாக்டர். 1879-ல் பினாங்கில் பிறந்தவர். தகப்பனார் சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பையன் படிப்பில் கெட்டிக்காரன். உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குப் போய் வைத்தியம் படித்தான். திரும்பி வந்து பினாங்கில் சில காலம் தொழில் நடத்தினார். அபினுக்கு எதிராகப் பிரசாரம் செய்தார். பிறகு சீன சர்க்கார் அழைப்பின்பேரில் டியென்ட்சின் நகரத்து ராணுவ வைத்தியக் கல்லூரியில் உத்தியோகம் ஏற்றார். முன்னோரின் தேசம்தான் என்றாலும் அங்கே அவர் பாதி அந்நியர். அந்த ஊர்ப் பாஷைகூட அவருக்குச் சரளமாக வராது.

1910-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மஞ்சூரியாவில் ஒரு கொள்ளை நோய் பரவியது. காய்ச்சல் வரும், இருமல் வரும், சளியில் ரத்தம் வரும், இரண்டு மூன்று நாளில் ஆள் போய்விடுவான். நோய் கண்டவர்களில் பிழைத்தவர் அநேகமாக இல்லை. மர்மட் என்று அணில் இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய பிராணி அந்தப் புல்வெளிகளில் உண்டு. அதன் தோலுக்குச் சந்தையில் விலை ஏறியது. ஷாண்டுங் முதலிய இடங்களிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் அந்த வேட்டையில் இறங்கினார்கள். நோயுற்ற பிராணியைத் தொடக்கூடாது என்பது பழைய வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நெருக்கியடித்துத் தங்கிய சத்திரங்களில் நோய் தொற்றியது. அங்கிருந்து ரயில் ஏறியது.

வூ லியென் தேயை அனுப்பினார்கள். 1910 டிசம்பர் 24-ஆம் தேதி, ஓர் உதவியாளரோடு அவர் ஹார்பின் நகரில் வந்து இறங்கினார். வயது 31. பூஜ்யத்துக்குக் கீழே 25, 30 டிகிரி என்று குளிர் வாட்டும் ஊர். ஹார்பினை ஒட்டி ஃபூஜியாதியான் என்று சீனர்கள் வாழும் பேட்டை. சுமார் 24,000 பேர் அங்கே இருந்தார்கள். அந்தப் பேட்டைதான் செத்துக்கொண்டிருந்தது.

வந்த சில நாட்களில் சத்திரக்காரர் ஒருவரின் ஜப்பானிய மனைவி இறந்தாள். பிணத்தை அறுத்துச் சோதிப்பது அந்நாளில் சீனாவில் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் விரோதம். வூ ரகசியமாக அதைச் செய்தார். நுரையீரலிலும் இருதயத்திலும் பிளேக் கிருமிகள் நிறைந்திருந்தன. எலியும் தெள்ளுப்பூச்சியும் பரப்புகிற, நெறி கட்டுகிற பிளேக்தான் அதுவரை வைத்தியர்கள் நன்கு அறிந்தது. இது அப்படியல்ல, மனிதன் மூச்சிலிருந்து மனிதன் மூச்சுக்கு நேரே பாய்கிறது என்று அவர் முடிவு செய்தார். பஞ்சையும் மெல்லிய துணியையும் மடித்து, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும் முகமூடி ஒன்றைத் தைக்கச் சொன்னார். வைத்தியர், தாதி, பிணம் தூக்குகிறவன் எல்லாரும் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார். 2020-ல் நாம் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தோமே, அதற்கு முன்னோடி அது.

பெரிய வைத்தியர்கள் சிரித்தார்கள். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். எலிதான் காரணம் என்பது அவர் கட்சி. இந்தச் சீன இளைஞன் தனக்குப் புத்தி சொல்வதா என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. வூ தம் பதவியையே விட்டுவிட முன்வந்தார். தலைநகரில் இருந்தவர்கள் வூவின் பக்கம் நின்றார்கள். மெஸ்னி முகமூடி அணியாமலே ரஷ்ய ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில் அவருக்கும் நோய் கண்டது. 1911 ஜனவரி 11-ஆம் தேதி இறந்துபோனார். அதன் பிறகு ஹார்பினில் முகமூடி இல்லாமல் தெருவில் நடப்பவர்கள் குறைந்துபோனார்கள்.

மெஸ்னியைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அவரும் தைரியசாலிதான். நோயாளியின் படுக்கை அருகே பயமின்றிப் போய் நின்றவர். முகத்தை மறைத்துக்கொண்டு நோயாளியை அணுகுவது கோழைத்தனம் என்றுகூட அவர் தலைமுறையைச் சேர்ந்த ஒரு வைத்தியருக்குத் தோன்றியிருக்கலாம். எனினும் நோயைச் சுமந்து திரியும் வைத்தியன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. அடுத்த படுக்கைக்காரனின் உயிரும் அதில் சேர்ந்திருக்கிறது. தன் உயிரைத் துச்சமாக எண்ணும் வீரம் எவ்வளவு உயர்ந்ததானாலும், அது பிறர் உயிர்மேல் நமக்கு அதிகாரம் தந்துவிடாது.

பேட்டையை நான்கு பகுதிகளாகப் பிரித்தார் வூ. ஒவ்வொரு பகுதியாரும் ஒவ்வொரு நிறத்தில் கையில் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகக்கூடாது. சுற்றிலும் ராணுவம் நின்றது. வீடு வீடாகத் தினமும் சோதனை நடந்தது. நோயாளியோடு பழகியவர்களை ரயில்வேயிடம் இரவல் வாங்கிய சரக்கு வண்டிகளில் தனியே அடைத்தார்கள். அப்படி அடைக்கப்பட்டவர்களில் பலருக்கு நோயே இல்லை. குற்றம் ஒன்றும் செய்யாதவர்கள் அந்தக் குளிரில் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவன் இருமுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியை ஒளித்து வைத்த வீடுகளும் உண்டு. சோதனைக்குப் பயந்து இரவில் பிணத்தைத் தெருவில் போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. இந்த வெற்றிக் கதையில் கசப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதைவிடக் கசப்பானது மயானம். நிலம் பாறையாக உறைந்து கிடந்ததால் குழி தோண்ட முடியவில்லை. சவப்பெட்டிகளையும் பெட்டி இல்லாத பிணங்களையும் ஊருக்கு வெளியே வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிணங்கள். எலிகள் வந்தால் என்ன ஆகும், பனி உருகினால் என்ன ஆகும் என்று வூ கவலைப்பட்டார். எரித்துவிட வேண்டும் என்பது அவர் முடிவு.

நம்மில் பலருக்கு எரிப்பது சடங்கு. ஆகவே அதில் என்ன கஷ்டம் என்று நமக்கு உடனே புரியாது. சீனக் குடும்பத்தில் தகப்பனைச் சொந்த மண்ணில் புதைத்து, ஆண்டுதோறும் அந்தச் சமாதியில் வழிபடுவது மகனின் முதல் தர்மம். எரிப்பது தகப்பனை இரண்டாம் தடவை கொல்வது போல. நம் வீட்டுப் பெரியவரைக் கொள்ளி வைக்க விடாமல், எள்ளும் தண்ணீரும் இறைக்க விடாமல், யாரோ அதிகாரி எங்கோ குழியில் தள்ளி மூடிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த வலி கொஞ்சம் விளங்கும்.

இந்த இடத்தில் வூ என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். ராணுவம் அவர் கையில் இருந்தது. ஓர் இரவில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. உள்ளூர் அதிகாரிகளை அந்த மயானத்துக்கே அழைத்துப்போய்க் காட்டினார். அவர்கள் கண்ணால் கண்டு சம்மதித்தார்கள். மக்கள் யாரைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக மதித்தார்களோ, அந்தச் சக்கரவர்த்தியின் பெயரால் அனுமதி வேண்டித் தலைநகருக்கு விண்ணப்பம் போயிற்று. ஒவ்வொரு நாளும் பேட்டையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது அவர் காத்திருந்தார். ஆணை வந்தது. சீனர்களின் புத்தாண்டு பிறந்த மறுநாள், 1911 ஜனவரி 31-ஆம் தேதி, பிணங்களுக்குத் தீ மூட்டினார்கள்.

சாவு எண்ணிக்கை அதன்பின் இறங்கத் தொடங்கியது. மார்ச் முதல் தேதியோடு ஃபூஜியாதியானில் நோய் நின்றது. மஞ்சூரியா முழுவதிலும் சுமார் 60,000 பேர் மாண்டிருந்தார்கள். அந்தத் தீதான் நோயை நிறுத்தியதா, முகமூடியா, ரயிலைக் கட்டுப்படுத்தியதா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. வூ வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்பதற்கும் கணக்கு இல்லை. நோயைத் தடுக்கும் வைத்தியரின் விசித்திரமான நிலைமை இது. தோற்றால் பிணங்கள் சாட்சி சொல்லும். ஜெயித்தாலோ, 'இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?' என்று பிழைத்தவர்களே கேட்பார்கள்.

இதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் நம் தேசத்தில் நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1897-ல் பூனாவில் பிளேக் பரவியது. ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி பிளேக் ஒழிப்புக்குத் தலைவராக வந்தார். அவரும் வீடுகளைச் சோதித்தார், நோயாளிகளைப் பிரித்தார், தொற்று இருக்கும் என்று தோன்றிய பொருள்களை அழித்தார். செயல்களை மட்டும் பட்டியல் போட்டால் ஹார்பினுக்கும் பூனாவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் பூனாவில் வெள்ளைச் சிப்பாய்கள் பூட்ஸ் காலோடு பூஜை அறைக்குள் நுழைந்தார்கள் என்றும், பெண்களை அவமானமாக நடத்தினார்கள் என்றும் ஊரே கொதித்தது. ஜூன் 22-ஆம் தேதி இரவு சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். சில நாட்களில் அவர் இறந்தார். சாபேகர்கள் தூக்கு மேடை ஏறினார்கள். பிளேக் மட்டும் போகவில்லை. பல ஆண்டுகள் நம் நாட்டில் தங்கி லட்சக்கணக்கானவர்களைத் தின்றது.

நோய் ஒன்றுதான். பிரித்து வைக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். பூனாவில் அதிகாரிக்கு மக்கள் நோயைப் போலவே தோன்றினார்கள். அடக்க வேண்டியது கிருமியையா, கிருமிக்கு இரையானவர்களையா என்பது அங்கே மறந்துபோயிற்று. ஹார்பினில் பலாத்காரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கட்டளை இட்டவர் தாமும் அந்தக் கட்டளைக்குக் கீழே நின்றார். தாம் கட்டிய முகமூடியைத்தான் மற்றவர்களைக் கட்டச் சொன்னார். நோயாளிகளுக்கு நடுவிலேதான் அவரும் இருந்தார். மக்களின் துக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், அதற்கு மதிப்புக் கொடுத்து, அதற்கு மேலான ஓர் அனுமதியைத் தேடிக்கொண்டார்.

நான் கேட்ட கேள்விக்கு இங்கேதான் ஒரு பதில் கிடைப்பதாக எண்ணுகிறேன். பலருக்காகச் சிலரைத் துன்புறுத்தும் உரிமை படிப்பினால் மட்டும் வருவதில்லை, மெஸ்னியும் படித்தவரே. சர்க்கார் முத்திரையால் மட்டும் வருவதில்லை. ராண்டிடமும் முத்திரை இருந்தது. பலனாலும் வருவதில்லை, ஏனெனில் பலன் பிறகுதான் தெரியும், அதுவும் சரியாகத் தெரியாது. தான் சுமத்தும் பாரத்தில் தானும் ஒரு பங்கைச் சுமப்பவனுக்கு, எதிரே நிற்பவன் அழுவதைக் காது கொடுத்துக் கேட்பவனுக்கு, அந்த உரிமை கொஞ்சம் வருகிறது. முழுதாக ஒருபோதும் வருவதில்லை. அது முழுதாக வந்துவிட்டதாக ஒருவர் நினைக்கத் தொடங்கினால் அவரிடம் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

'ஊர் பற்றி எரியும்போது இப்படி அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுப் போகாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வூ அனுமதிக்காகக் காத்திருந்த நாட்களில் செத்தவர்களின் கணக்கும் தராசில் ஏறத்தான் வேண்டும். தர்மத்தின் வழியில் போகிறவர்களுக்கும் இழப்பு உண்டு. ஆனால் காத்திருக்காமல் கொளுத்தியிருந்தால், மறுநாள் எத்தனை வீடுகள் நோயாளியை இன்னும் ஆழமாக ஒளித்து வைத்திருக்கும்? நம்பிக்கை அழிந்த ஊரில் எந்த டாக்டரும் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. கதவைத் திறப்பது ஊரார் கையில் அல்லவா இருக்கிறது?

வூவின் பிற்கால வாழ்க்கையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த சுமார் இருபது ஆண்டுகள் வடக்கே பிளேக் தடுப்பு இலாகாவைக் கட்டி வளர்த்தார். 1920-21-ல் நோய் மறுபடியும் மஞ்சூரியாவில் தலைகாட்டியபோது, இலாகா தயாராக இருந்தது. இந்த முறை இறந்தவர்கள் சுமார் ஒன்பதாயிரம். பிறகு துறைமுகங்களில் தொற்று நோய்த் தடுப்பை நிர்வகித்தார். 1935-ல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது; பரிசு கிடைக்கவில்லை. 1937-ல் ஜப்பான் படையெடுத்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலாயாவுக்குத் திரும்பினார்.

திரும்பி வந்து என்ன செய்தார் தெரியுமா? ஈப்போ நகரில் ஒரு சாதாரண வைத்தியசாலை திறந்தார். ஒரு தேசத்தின் நோயோடு போராடியவர், ஒவ்வொருவராக வரும் இருமலையும் வயிற்று வலியையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழைகளிடம் பணம் வாங்கவில்லை. எண்பது வயதை எட்டும்வரை இப்படித் தொழில் நடத்தி, 1960 ஜனவரியில் பினாங்கில் காலமானார். மலாயாவை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் எதிர்ப்புப் படைக்கு உதவியதாக அவர்மேல் சந்தேகம் விழுந்தது. அப்போது ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு அவர் செய்திருந்த சிகிச்சை அவரைத் தப்புவித்தது என்று சொல்கிறார்கள். பிழைத்த ஹார்பின்வாசிகள் ஆயிரக்கணக்கில் இருந்தும் அவருக்காகப் பேச வர முடியாத இடத்தில், ஒற்றை நோயாளியின் நன்றி வந்து நின்றது.

இந்தக் கடைசிக் காலத்தைச் சிலர் வீழ்ச்சி என்று கருதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயிரங்களைக் கணக்கிட்டே பழகிய மனம் ஒரு முகத்தைப் பார்க்கும் பழக்கத்தை இழந்துவிடுவது சுலபம். அவர் அதை இழக்கவில்லை என்பதற்கு அந்தச் சின்ன வைத்தியசாலையே சாட்சி.

நேராத மரணத்துக்கு நன்றி சொல்ல நமக்கு வழி இல்லை என்றே இதுவரை பேசினேன். முற்றிலும் வழி இல்லாமல் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க நம் வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள். தொட்டியை எட்டிப் பார்க்கிறாள். பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்க்கிறாள். வெயிலில் நாற்பது வீடு ஏறி இறங்கியவள். 'அதெல்லாம் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை, போம்மா' என்று பாதிக் கதவைத் திறந்து பதில் சொல்வது நம் வழக்கம். அவளிடம் காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு. அவள் மரியாதையோடு சொல்லவும் வேண்டும். அதன் பிறகு கதவை முழுதாகத் திறந்து, வெயிலுக்கு ஒரு டம்ளர் மோரும் கொடுக்கலாம். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வராமல் போன ஜுரத்துக்காக யாராவது ஒருவர் அவளுக்கு நன்றி காட்ட வேண்டாமா?